சாலைக்கு எதிர்ப்பக்கம் நின்று நடத்திய வளைகாப்பு

வளைகாப்புக்கு வந்த அத்தனை பேரும் சாலைக்கு எதிர்ப்பக்கத்தில் நின்றோம்.

எங்கள் பக்கம் ஞாயிற்றுக்கிழமை என்பதால் மூடிக்கிடந்த ஒரு பஞ்சர் கடை, அதை ஒட்டி ஒரு புங்கமரம். மரத்து நிழலில் பட்டுப்புடவை கட்டிய பெண்கள், நெருக்கியடிக்காமல் தள்ளித் தள்ளி நின்றார்கள். ஆண்கள் வெயிலில். நடுவில் ஒரகடத்துக்குப் போகும் சாலை. அந்தப் பக்கம், பூட்டிய கம்பிக்கதவுக்கு உள்ளே, பிளாஸ்டிக் நாற்காலியில் ஜெனிபர் உட்கார்ந்திருந்தாள். ஒன்பதாவது மாதம். மடியில் ஒரு தட்டு நிறையக் கண்ணாடி வளையல்.

மற்ற நாளாக இருந்தால் ஒவ்வொரு பெண்ணும் அவள் கையைப் பிடித்து, விரல்களைக் குவித்து, இரண்டிரண்டு வளையலாக ஏற்றிவிட்டு, கன்னத்தில் சந்தனம் தடவி, நெற்றியில் முத்தம் கொடுத்திருப்பார்கள். அன்று யாரும் யாரையும் தொடவில்லை. போதகரின் மனைவி இங்கிருந்து, "ஜெனி, இது நான் போடுறதும்மா" என்று குரல் கொடுத்தார். அவள் ஒரு பச்சை வளையலை எடுத்துத் தன் மணிக்கட்டில் தானே ஏற்றிக்கொண்டாள். அடுத்து என் மனைவி எஸ்தர் கூப்பிட்டாள். ஒரு சிவப்பு.

லாரி வந்தால் வாழ்த்து பாதியில் நிற்கும். "கர்த்தர் உன்னை..." என்று ஆரம்பித்தவர், புதுக் கார்களை இரண்டு அடுக்காக ஏற்றிய அந்த நீள வண்டி கடந்து முடியும்வரை வாயைத் திறந்தபடியே நின்று, புழுதி அடங்கியதும் "...ஆசீர்வதிப்பாராக" என்பார். சிரிக்க வேண்டிய காட்சிதான். ஒருவரும் சிரிக்கவில்லை. நானே சிரிக்கவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தொடரை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என்னைத் தெரியும். அடக்க ஆராதனையில்கூடப் பக்கத்து வரிசையைச் சிரிக்க வைத்து, வெளியே போய் நிற்கச் சொல்லப்பட்டவன் நான். அப்படிப்பட்டவன் ஒரு வளைகாப்பில் வாயைப் பொத்திக்கொண்டு நின்ற கதை இது. அதற்கு, ஈஸ்டருக்கு முந்தைய அந்த நாற்பது நாள் லெந்து காலத்தின் ஆரம்பத்துக்குப் போக வேண்டும்.

ஆறுதல் படை

எங்கள் சபை சிறியது. பாதிப்பேர் இந்த ஊர்க்காரர்கள். மீதிப்பேர் கம்பெனி வேலைக்காகத் தெற்கேயிருந்து வந்து வாடகை அறைகளில் இருக்கும் பையன்களும் பெண்களும். ஷிப்டைப் பொறுத்துக் கூட்டம் கூடும், குறையும். நைட் ஷிப்ட் முடித்து நேராக வருகிறவர்கள் பிரசங்கத்தில் தூங்குவதைப் போதகர் கண்டுகொள்வதில்லை. அவர்களைச் சாக்கு வைத்து நானும் தூங்குவேன்.

எனக்கு வேலை ஒரு தொழிற்சாலையில் டிரான்ஸ்போர்ட் சூப்பர்வைசர். பெயர் பெரிதாக இருக்கிறதே தவிர, பஸ் டிரைவர்களுக்கு போன் போட்டு "எங்கப்பா வர்ற" என்று கேட்பதுதான் வேலை. சபையில் எனக்குக் கொடுத்த வேலை, நோயாளிகளைப் போய்ப் பார்க்கும் குழு. என் ஜெபம் நன்றாக இருக்கும் என்பதால் அல்ல. ஜெபம் முடிந்த பிறகு படுக்கையில் இருப்பவரைச் சிரிக்க வைக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது.

நோயாளியைப் போய்ப் பார்ப்பதில் எங்கள் சபையை மிஞ்ச ஆள் கிடையாது. ஒருவருக்குக் காய்ச்சல் என்று ஞாயிறன்று ஜெபக்குறிப்பில் வாசித்தால் போதும், மாலைக்குள் அந்த வீட்டில் செருப்பு வைக்க இடம் இருக்காது. எல்லோரும் உள்ளே போவோம். கதவைச் சாத்துவோம், லாரிச் சத்தத்தில் பாட்டுக் கேட்காது என்பதால். நோயாளியின் தலையில் ஆளுக்கொரு கை வைப்போம். பிறகு டீ, மெதுவடை. எங்களுக்குப் பெருமையான விஷயம் இது. ஊரைவிட்டு வந்து தனியாகக் கிடக்கும் பிள்ளைகளுக்கு, நாற்பது டிகிரி வெயிலில் இருபது பேர் தேடி வருவது சாதாரணமா?

லெந்து காலத்தில் இன்னும் ஒரு படி மேலே. தினமும் மாலை ஒரு வீட்டில் ஜெபக்கூட்டம். நேற்று உங்கள் வீடு, இன்று என் வீடு, நாளை அடுத்த தெரு.

கழற்றி வைத்த வேப்பிலை

அந்த வருடம் லெந்தின் முதல் வாரத்திலேயே செல்வினுக்கு அம்மை வந்துவிட்டது.

செல்வின் திருநெல்வேலிப் பக்கத்துப் பையன். கன்னியம்மா என்கிற வீட்டுக்காரம்மாவின் வரிசை அறைகளில் ஒன்றில், ஆறு பேரில் ஒருவனாக இருந்தான். அறையில் மூன்று பாய். பகலில் ஒருவன் படுத்து எழுந்த பாயில் ராத்திரி இன்னொருவன் படுப்பான். பாய் ஆறுவதற்கு நேரமே கிடையாது.

நாங்கள் போனபோது அறை வாசலில் ஒரு கொத்து வேப்பிலை கட்டியிருந்தது. கன்னியம்மா கட்டியது. அவர் படியிலேயே முறத்தோடு உட்கார்ந்திருந்தார்.

"இன்னாபா, ஊர்கோலமா வந்துகினு கீறீங்க?"

"ஜெபம் பண்ண வந்திருக்கோம்மா" என்றார் எங்கள் சபைச் செயலாளர் தேவசகாயம். ஒழுங்கான மனிதர். ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர். சட்டைப் பொத்தான் கழுத்துவரை போட்டிருப்பார்.

"பண்ணேன், யாரு வாணான்னது? இங்கயே நின்னு பண்ணு. உங்க சாமிக்கு இன்னா, காது மந்தமா?"

தேவசகாயம் செருப்பைக் கழற்றினார். மரியாதையாக அந்த வேப்பிலையை அவிழ்த்து, கீழே போடாமல் மதில்மேல் வைத்தார். "எங்க சபைப் பிள்ளைம்மா. எங்களுக்கு இந்த வழக்கம் இல்ல. தப்பா நினைக்காதீங்க."

"எறக்கு, உன் இஷ்டம். ஆத்தா வந்துக்கிறான்னா நீ நம்ப மாட்ட. வெளியாள் நொழயாதன்னு அதுல ஒண்ணு கீது, அதயும் சேத்து அவுத்துட்டியே வாத்தியாரே."

அவர் அப்படிச் சொன்னாரே என்று முழுக்க மெச்சிவிடவும் முடியாது. ஆத்தா கோபித்துக்கொள்வாள் என்று செல்வினின் காய்ச்சல் மாத்திரையைப் பிடுங்கி அரிசி டப்பாவுக்குள் ஒளித்து வைத்திருந்தவரும் அவரேதான். அவருக்குப் பாதி தெரிந்திருந்தது. எங்களுக்கு இன்னொரு பாதி.

எங்கள் ஆட்கள் உள்ளே போனார்கள். கதவு சாத்தப்பட்டது. எனக்கு இடம் கிடைக்கவில்லை. என் உடம்பின் அகலம் அப்படி. செருப்புகளுக்குக் காவலாக நான் வெளியே நின்றேன். உள்ளே மூன்று பாட்டு, ஒரு வேதபாடம், நீண்ட ஜெபம். நடுவில் செல்வினின் குரல் மட்டும் லேசாகக் கேட்டது:

"கதவத் தொறங்களேன் அண்ணாச்சி, மூச்சு முட்டுது."

வெளியே வந்தவர்கள் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, அங்கிருந்து நேராக அன்றைய ஜெபக்கூட்டம் நடக்கும் வீட்டுக்குப் போனார்கள். நானும் போனேன். கன்னியம்மா மறுபடி வேப்பிலையைக் கட்டிக்கொண்டிருந்தார்.

இரண்டு வாரம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒவ்வொருவராகப் படுத்தார்கள். முதலில் தேவசகாயம். அடுத்து பாடகர் குழுவில் இரண்டு பெண்கள். ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை, அவள் மூலம் பிள்ளைகள். எந்தெந்த வீட்டில் ஜெபக்கூட்டம் நடந்ததோ அந்தந்த வீட்டு வாசலை அம்மையும் சரியாகக் கண்டுபிடித்தது. நாங்களே கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் விட்ட மாதிரி.

மைக்கில் வந்த குரல்

ஜெனிபர் எங்கள் சபை விடுதியில் வளர்ந்தவள். அப்பா அம்மா சின்ன வயதிலேயே போய்விட்டார்கள். கார்களுக்கு வயர் பின்னல் செய்யும் கம்பெனியில் சோதனை மேசையில் நின்றாள். ஓட்டமாக வரும் சரக்கில் கோளாறான ஒன்றைக் கையால் தடவியே எடுத்துப்போடுவாள் என்று அவள் கணவன் பிரகாஷ் பெருமையடிப்பான். அவன் வைத்த சாம்பாரையும் அப்படித்தான் ஒதுக்கிவிடுவாளாம்.

இதற்கு முந்தைய பிரசவத்தில் குழந்தை எட்டாம் மாதத்திலேயே வயிற்றில் இறந்துவிட்டது. எங்கள் கல்லறைத் தோட்டத்து மூலையில் அந்தச் சின்னக் குழி இருக்கிறது. சபை முழுக்க அவள் வீட்டில் போய் உட்கார்ந்து அழுதோம். அவள் எங்கள் தோள்மேல் மாறி மாறிச் சாய்ந்து கிடந்தாள்.

இந்தத் தடவை அம்மை பரவுகிறது என்று கேள்விப்பட்டதும் அவள் யாரிடமும் சொல்லாமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்விட்டாள். அங்கிருந்த டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, "சின்ன வயசுல அம்மை வந்துச்சா?" அதற்குப் பதில் சொல்ல அவளுக்கு ஆள் இல்லை. ரத்தம் எடுத்து அனுப்பினார்கள். வந்ததே இல்லை என்று முடிவு வந்தது. தடுப்பூசியும் கர்ப்பிணிக்குப் போட முடியாதாம்.

அந்த ஞாயிறு ஆராதனையில், அறிவிப்பு நேரத்தில், போதகர் தன் போனை எடுத்து மைக்குக்குப் பக்கத்தில் பிடித்தார். கரகரவென்று சத்தம். அதற்குள்ளிருந்து ஜெனிபர்.

"எல்லாருக்கும் ஸ்தோத்திரம். நான் ஜெனி பேசுறேன். எனக்கு அம்மை வந்தா புள்ளைக்கு ஆபத்துன்னு டாக்டர் சொல்லிட்டாங்க. பிரசவ சமயத்துல வந்தா ரொம்ப ஆபத்தாம். போன தடவ நீங்க அத்தன பேரும் வந்து என்கூட இருந்தீங்க. இந்த தடவ வராதீங்க."

போதகர் போனை மைக்குக்கு இன்னும் நெருக்கிப் பிடித்தார்.

"கொப்புளம் போடறதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே தொத்திக்குமாம். பாத்தா தெரியாதாம். அதனால நல்லா இருக்கறவங்களும் வராதீங்க. புள்ள பொறக்கற வரைக்கும் யாரும் எங்க வூட்டு கேட்ட தொறக்காதீங்க. எனக்கு உங்கள விட்டா ஆளில்ல, அதனாலதான் கேக்குறேன். கோச்சுக்காதீங்க."

கோபித்துக்கொண்டார்கள். வெளியே வந்ததும் ஒரு பெரியம்மா முந்தானையை உதறிக்கொண்டு, "ஜெபம் பண்ண வர்றவங்கள வராதன்னு சொல்லிச்சே இந்தப் பொண்ணு, நம்மள இன்னான்னு நெனச்சுகினு கீது?" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள்.

எனக்குக்கூட வருத்தம்தான். அவளைச் சிரிக்க வைக்க இரண்டு கதை தயார் பண்ணி வைத்திருந்தேன்.

எழுந்து நின்றவர்கள்

போதகர் இம்மானுவேல் வயதில் சின்னவர், சத்தம் போட்டுப் பேசத் தெரியாதவர். அன்று மாலையே டாக்டரம்மாவைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அடுத்த ஞாயிறு பிரசங்க பீடத்தில் நின்று, வேத வசனத்தை விட்டுவிட்டு நேராக ஆரம்பித்தார்.

வீட்டு ஜெபக்கூட்டங்கள் இத்தோடு நின்றன. கடைசிக் கொப்புளம் காய்ந்து பொருக்குத் தட்டும்வரை நோயாளிகள் கோயிலுக்கு வரக்கூடாது. அவர்களோடு இருந்தவர்கள், உடம்பு நன்றாக இருந்தாலும், சில வாரம் கூட்டத்தில் சேரக்கூடாது. இராப்போஜனத்தில் எல்லோரும் வாய்வைத்துக் குடிக்கும் ஒரே பாத்திரம் கிடையாது. ஆராதனை இனி பின்பக்கத்துத் திறந்த வெளியில், பந்தலுக்குக் கீழே.

"அப்ப அவங்கள யாரும் பாக்கவே போகக் கூடாதா ஐயா?" என்று ஒருவர் கேட்டார்.

"போகணும். வாடகை ரூம்ல இருக்கற பசங்களுக்குக் கஞ்சி வச்சுக் குடுக்க ஆளில்ல. ஆனா அம்மை ஏற்கனவே வந்தவங்க மட்டும் போகணும். அவங்களுக்குத் திரும்ப வர்றது அபூர்வம்." அவர் சற்றுத் தயங்கினார். "அம்மை வந்தவங்க எழுந்து நில்லுங்க."

எழுப்புதல் கூட்டங்களில் இரட்சிக்கப்பட்டவர்களை எழுந்து நிற்கச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அம்மை வந்தவர்களை நிற்கச் சொல்லிக் கேட்டது அன்றுதான். முதல் ஆளாக எழுந்தவன் நான். என் நெற்றியில் சின்ன வயதிலிருந்து ஒரு குழி இருக்கிறது. அம்மைத் தழும்பு என்று எப்போதும் நான்தான் சொல்லிக்கொள்வேன். போதாததற்குச் செல்வின் அறை வாசலில் நின்றும் எனக்கு ஒன்றும் ஆகவில்லையே. எஸ்தர் எழுந்தாள். அவளுக்கு முகம் முழுக்கச் சாட்சி. இன்னும் ஏழெட்டுப் பேர். மற்றவர்கள் தங்கள் அம்மாக்களுக்கு போன் போட்டுக் கேட்டுவிட்டுச் சொல்வதாகச் சொன்னார்கள்.

வாசலில் அடையாளம் ஒன்று வேண்டியிருந்தது. வேப்பிலையா என்று பேச்சு எழுந்து, அது எங்கே போய் முடியும் என்று தெரிந்ததால் அடங்கியது. யாரோ ஒருத்திதான் சொன்னாள்: எல்லார் வீட்டிலும் போன வருடக் குருத்தோலை ஞாயிறன்று முடைந்த ஓலைச் சிலுவை படத்துக்குப் பின்னால் செருகியிருக்கிறதே. அதை எடுத்து வாசலில் கட்டுவோம். ஓலை தொங்கினால் உள்ளே நோயாளி இருக்கிறார், நின்ற இடத்திலிருந்து பேசு என்று அர்த்தம்.

அப்படித்தான் காய்ந்து வெளுத்த ஓலைச் சிலுவைகள் ஒவ்வொரு வாசலாகத் தொங்க ஆரம்பித்தன. தேவசகாயம் வீட்டில் முதலில். ஜெனிபர் தன் கம்பிக்கதவில் ஒன்றைத் தானே கட்டிக்கொண்டாள், நோய் இல்லாமலே.

கன்னியம்மா தன் அறை வரிசையில் வேப்பிலைக்குப் பக்கத்தில் ஓலையும் தொங்குவதைப் பார்த்துவிட்டு, கஞ்சித் தூக்கோடு வந்த என்னை நிறுத்தினார். "உங்காளுங்க மறுபடி வந்து எத அவுப்பாங்கோ?"

"எதையும் அவுக்க மாட்டாங்கம்மா. மாத்திரைய மட்டும் குடுத்துடுங்க."

முறைத்தார். பிறகு உள்ளே போய் அரிசி டப்பாவைத் திறந்தார்.

அந்த அறையில் இப்போது செல்வின் எழுந்து உட்கார்ந்திருந்தான். அவனோடு பாய் மாற்றியவர்கள் படுத்திருந்தார்கள். நான் அவர்களுக்குக் கஞ்சி ஊற்றி, நகம் வெட்டிவிட்டு, ஈரத்துணியால் முதுகு துடைத்தேன். ஜன்னலைத் திறந்து வைத்தேன். "அண்ணாச்சி, நீங்க பகிடி சொன்னா சிரிக்கப் புண்ணு வலிக்கி. சும்மா இருந்தாலே போதும்" என்றான் ஒருவன். சும்மா இருக்க எனக்குத் தெரியாதே என்றேன்.

சாலையைத் தாண்டப் போனவன்

இப்போது அந்தப் புங்கமரத்துக்குத் திரும்புவோம்.

வளைகாப்பை நடத்தாமலே விட்டுவிடலாம் என்று ஜெனிபர் சொல்லியிருந்தாள். கேட்டவர்களுக்கு மனசு ஒப்பவில்லை. முதலில் கோபித்துக்கொண்ட அந்தப் பெரியம்மாதான் சாலைக்கு எதிர்ப்பக்கம் நிற்கலாம் என்று யோசனை சொன்னார். வளையல்களை முந்தின நாளே பிரகாஷ் வாங்கி, சோப்புத் தண்ணீரில் கழுவி வைத்திருந்தான்.

ஒவ்வொரு பெயராகக் கூப்பிட, அவள் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டாள். இரண்டு கையும் முழங்கைவரை நிறைந்தது. போதகர் ஜெபித்தார். அவர் குரல் சாலையைத் தாண்டியிருக்காது என்று நினைக்கிறேன். ஆனால் அவள் கண்ணை மூடி, கையை வயிற்றின்மேல் வைத்துக்கொண்டிருந்தாள்.

பாட்டு முடிந்தது. மற்றவர்கள் கலையத் தொடங்கினார்கள். எஸ்தர் சமைத்த சர்க்கரைப் பொங்கல் பாத்திரம் என் கையில். அதை அவள் வீட்டு மதில்மேல் வைத்துவிட்டு வருவது என் பொறுப்பு. ஆனால் எனக்கு உள்ளுக்குள் ஓர் ஆசை. கம்பிக்கதவுவரை போய், இத்தனை நாளாகச் சொல்லாமல் வைத்திருந்த அந்த இரண்டு கதையில் ஒன்றையாவது சொல்லிவிட வேண்டும். நான்தான் அம்மை கண்டவன் ஆயிற்றே. சாலையில் இறங்கி இரண்டு எட்டு வைத்தேன்.

"மோசஸ் அண்ணே, அங்கயே நில்லுங்க."

"எனக்குதான் வந்துட்டுப் போச்சேம்மா. இந்த நெத்திய பாரு, மத்தவங்க எல்லாம் போன்ல விசாரிச்சாங்க, நான் முகத்துலயே சர்டிபிகேட் வச்சிருக்கேன்."

அவள் சிரிக்கவில்லை. "இருக்கட்டும். அங்கயே நில்லுங்க."

"பொங்கலு?"

"பஞ்சர் கடை பலகை மேல வைங்க. அவரு வந்து எடுத்துப்பாரு. மூடிய சுடுதண்ணில தொடச்சுட்டு நான் சாப்பிடறேன். நல்ல வாசன வருது அண்ணே."

"அவ்வளவு பயமா ஜெனி?"

"பயந்தான் அண்ணே." சாலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவள் குரல் ஒரே நிலையில் வந்தது. "போன தடவ நான் பயப்படல."

நான் சாலையிலிருந்து திரும்ப ஏறினேன். பாத்திரத்தைப் பலகையில் வைத்தேன். அவள் கையை ஆட்டினாள். அத்தனை வளையலும் சேர்ந்து ஒலித்தது இங்கேவரை கேட்டது.

மறுநாள் காலை சவரம் செய்யச் சட்டையைக் கழற்றினேன். கண்ணாடியில் என் மார்பில், பனித்துளி உட்கார்ந்த மாதிரி ஒரு கொப்புளம். சற்றுத் தள்ளி இன்னொன்று.

அக்காவின் தீர்ப்பு

மணிமங்கலத்தில் இருக்கும் என் அக்காவுக்கு போன் போட்டேன்.

"அக்கா, எனக்குச் சின்ன வயசுல அம்மை வந்துச்சுல்ல? நெத்தியில தழும்பு இருக்கே."

"அதுவாடா? நீ ஆட்டைத் தொரத்திகினு போய் அடிபம்புல மோதிகின தழும்பு அது. ரத்தத்தப் பாத்து நான் அழுவுறேன், நீ ஆடு ஜெயிச்சிடுச்சின்னு அழுவுற. அம்மை எனக்குதான் வந்தது. உன்ன மாமா வூட்டுக்கு அனுப்பிட்டாங்க."

இத்தனை வருடமாக அம்மைத் தழும்பு என்று நான் சுமந்தது ஓர் ஆடு கொடுத்த பட்டம். வேறொரு நாளாக இருந்தால் இதை வைத்தே ஒரு வாரம் ஓட்டியிருப்பேன். அன்று முடியவில்லை. கொப்புளம் போடுவதற்கு இரண்டு நாள் முன்னாலேயே தொற்றும் என்று அவள் மைக்கில் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருந்தது.

எஸ்தர் ஓலைச் சிலுவையை வாசலில் கட்டினாள். பொங்கல் பாத்திரத்தைப் பற்றிப் பிரகாஷுக்கு அவள்தான் போனில் சொன்னாள். மூடியைத் துடைத்த பிறகே தொட்டார்கள், அவன்தான் பரிமாறினான் என்று தெரிந்தும் எனக்கு ஆறவில்லை. டாக்டரம்மாவிடம் ஜெனிபர் கேட்டாள். திறந்த வெளியில், சாலை அகலம் தள்ளி நின்றதற்குப் பயப்பட வேண்டாம், ஆனாலும் கவனித்துக்கொண்டே இருங்கள் என்றாராம்.

மரத்தடியில் என் பக்கத்தில் நின்றவர்களுக்கு எல்லாம் தகவல் போனது. அம்மை வராதவர்கள் குருத்தோலைப் பவனிக்கு வரவில்லை. ஈஸ்டருக்கும் வரவில்லை. ஈஸ்டருக்கென்று முதல் முதலாகப் பட்டெடுத்து வைத்திருந்த பெண்கள் வீட்டு வாசலிலேயே அதைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள் என்று கேள்வி.

நான் பின்அறையில் கிடந்தேன். வயதான பிறகு வரும் அம்மை கொஞ்சம் முரட்டுத்தனமானது. ஜன்னலுக்கு வெளியே ஷேர் ஆட்டோக்கள் சிங்கப்பெருமாள் கோவில், சிங்கப்பெருமாள் கோவில் என்று கூவிக்கொண்டு போகும். ஷிப்ட் பஸ்கள் நான் போன் போடாமலே நேரத்துக்குப் போய்க்கொண்டிருந்தன. இது எனக்குக் கொஞ்சம் அவமானம்.

ஆறுதல் சொல்லப் போகிறவனுக்குப் படுக்கை புதிது. கூட்டமாக வந்து கை வைக்க மாட்டார்களா என்று ஏங்கினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அவர்கள் மாலையில் வருவார்கள். மதிலுக்கு வெளியே, ஜன்னலுக்கு நேராக, இடைவெளி விட்டு நின்று ஒரு பாட்டுப் பாடிவிட்டுப் போவார்கள். தேவசகாயம் மட்டும் உள்ளே வருவார். இப்போது அவருக்கு அதற்குத் தகுதி வந்துவிட்டது. கழுத்துப் பொத்தானைக்கூடப் போட முடியாதபடி வடு. அவரே தலையணையைச் சரிசெய்து, "ஜன்னலத் தொறந்து வைக்கவா மோசஸ்?" என்று கேட்டார்.

"ஜெனிக்கு?" என்பேன் தினமும்.

"இன்னிக்கு ஒண்ணும் இல்ல" என்பார்.

அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் மாலை வரை காத்துக்கிடந்தேன். என் கொப்புளங்கள் காய்ந்தன. பொருக்கு உதிர்ந்தது. அவளுக்கு அன்றும் ஒன்றும் இல்லை. ஈஸ்டர் கழிந்து, வெயில் தாளாமல் நாய்கள் பஸ்ஸுக்கு அடியில் படுக்கத் தொடங்கிய ஒரு பகலில் பிரகாஷ் போன் செய்தான். "பொண்ணு அண்ணே" என்று ஆரம்பித்து, மேலே பேச முடியாமல், குழந்தைப் பக்கம் போனைத் திருப்பிப் பிடித்தான். வீறிட்டு அழும் சத்தம். ரொம்ப நேரம் அதையே கேட்டுக்கொண்டிருந்தேன். எஸ்தர் என் கையிலிருந்து போனை வாங்கித் தன் காதில் வைத்துக்கொண்டாள்.

குழாயடி

குழந்தையைக் கோயிலுக்குக் கொண்டுவந்த ஞாயிறு, அடுத்த தெருவில் இன்னும் இரண்டு அறைகளில் ஓலை தொங்கிக்கொண்டிருந்தது. ஆராதனை அப்போதும் பந்தலில்தான்.

எங்கள் சபையில் புதுக்குழந்தை வந்தால் காணிக்கைப் பை மாதிரி வரிசை வரிசையாகக் கைமாறும். ஒரு முனையில் தாய் கொடுத்தால் மறுமுனையில் யார் கையிலிருந்து வாங்குவது என்று அவள் தேட வேண்டும். அன்று ஜெனிபர் குழந்தையோடு பந்தலுக்குள் நுழைந்ததும் எல்லோரும் எழுந்தார்கள். ஒரு கையும் நீளவில்லை. அந்தப் பெரியம்மா தன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, கழுத்தை மட்டும் நீட்டிப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் ஓடியது. துடைக்கக்கூட முன்னால் கையைக் கொண்டுவரவில்லை.

ஜெனிபர் நடுவில் நின்று அத்தனை பேரையும் பார்த்தாள். குழந்தையின் தலைத்துணியைச் சரிசெய்தாள். பிறகு நேராக என்னிடம் வந்தாள்.

"அண்ணே, உங்களுக்கு வந்துட்டுப் போச்சுல்ல."

"இந்தத் தடவ நெஜமாவே வந்தது" என்றேன்.

"தெரியும். கைய கழுவிட்டு வாங்க."

பந்தலுக்கு வெளியே, காம்பவுண்டுச் சுவர் ஓரத்துக் குழாய்க்குப் போனேன். சோப்பை எடுத்து முழங்கைவரை தேய்த்தேன். நகக்கண்ணில் தேய்த்தேன். குழாயை மூடத் திரும்பியபோது எனக்குப் பின்னால் எஸ்தர் நின்றாள். அவளுக்குப் பின்னால் பாடகர் குழுப் பெண்கள் இரண்டு பேர். செல்வின். தேவசகாயம், சட்டைக்கையை மடித்து விட்டுக்கொண்டு. அவருக்கும் பின்னால் அம்மை வந்து போனவர்களின் வரிசை வளைந்து பந்தல் கால்வரை போயிருந்தது.

உள்ளே போதகர் முதல் பாட்டின் எண்ணைச் சொல்லிவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்துக் காத்திருந்தார். யாரும் அவசரப்படவில்லை. சோப்பு கைமாறிக்கொண்டிருந்தது.